வீட்டை இப்போதே அண்ணன் பெயருக்கு செட்டில்மெண்ட் எழுதுவதா, உயில் எழுதுவதா? அம்மாவின் பராமரிப்புச் செலவுக்கு என்ன வழி?

உறையூர்மகள்:

அனைவருக்கும் வணக்கம். என் அப்பாவுக்கு 76 வயது. அரசு மேல்நிலைப் பள்ளி ஆசிரியராக இருந்து ஓய்வு பெற்றவர். அம்மாவுக்கு 71. திருச்சி உறையூரில் அப்பா தம் சொந்தச் சம்பாத்தியத்தில் கட்டிய மாடி வீடு இருக்கிறது. கீழே பெற்றோர் வசிக்கிறார்கள், மாடியை வாடகைக்கு விட்டிருக்கிறோம். இதைத் தவிர, அஞ்சலக மூத்த குடிமக்கள் சேமிப்புத் திட்டத்தில் அப்பா பெயரில் 15 லட்சம் ரூபாயும், மண்ணச்சநல்லூர்ப் பக்கம் அம்மாவுக்கு என் தாத்தா எழுதிக்கொடுத்த ஒரு காலி மனையும் உள்ளன. நான் கோயம்புத்தூரில் இருக்கிறேன். அண்ணன் குடும்பத்துடன் சிங்கப்பூரில் இருக்கிறார்.

அம்மாவுக்கு மறதி நோயின் தொடக்க நிலை என்று சென்ற ஆண்டு நரம்பியல் மருத்துவர் உறுதி செய்தார். இப்போதைக்குச் சமையல், குளியல், கோயில் எல்லாவற்றையும் அவரே பார்த்துக்கொள்கிறார். ஆனால் பால்காரருக்குப் பணம் கொடுத்ததை மறந்து அன்றைக்கே மறுபடியும் கொடுப்பதும், அடுப்பில் பாத்திரத்தை வைத்துவிட்டு மாடிக்குப் போய்விடுவதும் அடிக்கடி நடக்கின்றன.

பொங்கலுக்கு அண்ணன் ஊருக்கு வரும்போது வீட்டை அவர் பெயருக்கு செட்டில்மெண்ட் எழுதிவிட வேண்டும் என்று அப்பா உறுதியாக இருக்கிறார். உயில் எழுதினால் பிற்காலத்தில் கோர்ட், கேஸ் என்று பிள்ளைகள் அலைய நேரிடும், செட்டில்மெண்ட் என்றால் அன்றைக்கே காரியம் முடிந்துவிடும் என்று உறவினர் ஒருவர் சொன்னதை அவர் பிடித்துக்கொண்டார். அண்ணன் இதைக் கேட்கவே இல்லை. எங்களுக்குள் மனத்தாங்கலும் இல்லை. வீட்டில் பங்கு வேண்டும் என்பதற்காகவும் நான் இதை எழுதவில்லை. அம்மாவுக்கு முழுநேரமும் ஓர் ஆள் தேவைப்படும் காலம் வந்தால், அதுவும் அப்பாவுக்குப் பிறகு வந்தால், அந்தச் செலவு எங்கிருந்து வரும் என்பதுதான் என் கவலை. செட்டில்மெண்ட் எழுதிய பிறகும் வீடு அவர்கள் இருவருக்கும் பாதுகாப்பாக இருக்குமா? எழுதுவதற்கு முன் எவற்றைக் கவனிக்க வேண்டும்? அனுபவம் உள்ளவர்கள் விளக்கினால் உதவியாக இருக்கும்.

பத்திரநண்பர்:

நான் பல ஆண்டுகள் ஆவண எழுத்தராக இருந்தவன். செட்டில்மெண்ட் எழுதுவதற்குச் செலவு குறைவு என்பதால்தான் பலரும் அதற்கு எளிதில் இணங்கிவிடுகிறார்கள். குடும்ப உறுப்பினருக்கு எழுதினால் முத்திரைத் தீர்வை 1 சதவீதம், 40,000 ரூபாய்க்கு மிகாமல். பதிவுக் கட்டணம் 1 சதவீதம், 10,000 ரூபாய்க்கு மிகாமல். 2023 ஜூலையில் உயர்த்தப்பட்ட வரம்புகள் இவை. அதாவது வீட்டின் வழிகாட்டி மதிப்பு எவ்வளவாக இருந்தாலும் 50,000 ரூபாய்க்குள் அந்த வீடு கைமாறிவிடும்.

வழக்கமாக எழுதப்படும் செட்டில்மெண்ட் பத்திரத்தின் நடுப்பக்கத்தைத் தங்கள் அப்பாவை ஒருமுறை நிதானமாகப் படிக்கச் சொல்லுங்கள். ‘இன்று முதல் நீரே சர்வ சுதந்திர பாத்தியத்துடன் ஆண்டு அனுபவித்துக்கொள்ள வேண்டியது’ என்று ஒரு வரி இருக்கும். சற்றுக் கீழே, ‘இந்தச் செட்டில்மெண்டை எக்காலத்திலும் எக்காரணத்தை முன்னிட்டும் ரத்து செய்ய எனக்கு உரிமை இல்லை’ என்று இன்னொரு வரி இருக்கும். கணினியில் சேமித்து வைத்திருக்கும் பழைய மாதிரியில் பெயரையும் நான்கெல்லையையும் மட்டும் மாற்றி அச்செடுப்பது எங்கள் தொழிலில் சாதாரணம் என்பதால், எழுதிக்கொடுப்பவர் கேட்காமலேயே இவ்வரிகள் வந்து உட்கார்ந்துகொள்கின்றன. பதிவான நாளிலிருந்து வீடு மகனுடையது. அவர் பட்டா மாற்றலாம், அடமானம் வைக்கலாம், விற்கலாம். மனம் மாறிவிட்டது என்று அப்பா தனியாகச் சார்பதிவாளர் அலுவலகத்துக்குச் சென்று ரத்துப் பத்திரம் பதிய முடியாது. செட்டில்மெண்டும் ஒருவகைத் தானமே என்பதால், 1882ஆம் ஆண்டின் சொத்துரிமை மாற்றுச் சட்டத்தின் 126ஆவது பிரிவின்படி, தானம் கொடுத்தவரின் விருப்பத்துக்கு மட்டும் அது ரத்தாகிவிடாது.

உயில் அப்படியன்று. எழுதியவர் உயிரோடு இருக்கும்வரை வீடு அவருடையதே. உயிலை எத்தனை முறை வேண்டுமானாலும் மாற்றலாம். முத்திரைத் தீர்வை கிடையாது, பதிவும் கட்டாயமில்லை. ஆனாலும் பதிவு செய்வதே நல்லது என்பேன். பதிவு செய்தால் ஊருக்கெல்லாம் தெரிந்துவிடும் என்று பலர் தயங்குகிறார்கள். உயில் வில்லங்கச் சான்றில் வராது. எழுதியவர் உயிரோடு இருக்கும்வரை அவருக்கோ அவருடைய முகவருக்கோ தவிர வேறு யாருக்கும் நகல் தரமாட்டார்கள். உறவினர் சொன்ன கோர்ட் பயத்தில் பாதி, சென்னை நகரச் சொத்துகளுக்கு ப்ரொபேட் (உயில் உண்மையானது என்னும் நீதிமன்றச் சான்று) வாங்க வேண்டியிருந்த வழக்கத்திலிருந்து வந்தது. திருச்சியில் உள்ள வீட்டுக்கு அந்தக் கட்டாயம் இருந்ததில்லை.

காவேரிக்கரை:

சட்டம் தெரிந்தவர்கள் மற்றதைச் சொல்வார்கள். செலவைப் பற்றி நான் சொல்கிறேன், ஏனென்றால் என் மாமியாரை இதே நோயுடன் கடைசி வரை வீட்டில் வைத்துப் பார்த்துக்கொண்டோம்.

தொடக்கத்தில் செலவு மாத்திரைக்கும் மருத்துவருக்கும் மட்டும்தான். இரவில் எழுந்து கதவைத் திறந்துகொண்டு வெளியே நடக்கத் தொடங்கியபோதுதான் ஆள் வைக்க வேண்டியதாயிற்று. வீட்டோடு தங்கும் பராமரிப்பாளருக்கு ஏஜென்சிக்கு மாதம் 24,000 ரூபாய் கொடுத்தோம். அவருடைய சாப்பாடு, தேநீர், சோப்பு, ஊருக்குப் போய்வரும் பேருந்துக் கட்டணம் எல்லாம் அதற்கு மேல். படுக்கையில் விழுந்த பிறகு டயப்பர், காற்று மெத்தை, படுக்கைப்புண்ணுக்கு மருந்து, இயன்முறை மருத்துவர் என்று மேலும் 15,000 வரை ஆனது. வீட்டோடு தங்குபவர் என்றால் இருபத்து நான்கு மணி நேரமும் விழித்திருப்பார் என்று எண்ணிவிடாதீர்கள். அவரும் இரவில் தூங்க வேண்டும். நோயாளி தூங்காத இரவுகளில் குடும்பத்தில் ஒருவர் விழித்திருந்தே ஆக வேண்டும். பொங்கலுக்கும் ஆடித் திருவிழாவுக்கும் அவர் ஊருக்குப் போனால் ஏஜென்சி மாற்று ஆளை அனுப்பும் என்று ஒப்பந்தத்தில் எழுதியிருக்கும், ஆனால் அந்த நாட்களில் மாற்று ஆளும் கிடைக்கமாட்டார். கோயம்புத்தூரிலிருந்து நீங்கள்தான் வர வேண்டியிருக்கும். அந்த விடுப்பையும் செலவாகவே கணக்கில் எழுதுங்கள்.

மருத்துவக் காப்பீடு இதற்கு உதவும் என்று நாங்களும் எதிர்பார்த்தோம். ஓய்வூதியர் காப்பீடானாலும், முதலமைச்சரின் விரிவான காப்பீட்டுத் திட்டமானாலும், 70 வயதானவர்களுக்கென 2024 அக்டோபரில் ஒன்றிய அரசு தொடங்கிய 5 லட்ச ரூபாய்த் திட்டமானாலும், எல்லாம் மருத்துவமனையில் சேர்த்துச் சிகிச்சை பெறுவதற்கானவை. வீட்டில் குளிப்பாட்டி, சோறூட்டி, உடை மாற்றிவிடும் ஆளுக்குச் சம்பளம் அவற்றில் வராது. இந்த நோயில் பெருஞ்செலவு மருத்துவமனையில் இல்லை, அந்தச் சம்பளத்தில்தான் இருக்கிறது. எங்களுக்கு உண்மையில் கைகொடுத்தது, 2021 ஆகஸ்டில் தமிழக அரசு தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம். இரத்த அழுத்தம், சர்க்கரை மாத்திரைகளை வீட்டுக்கே கொண்டுவந்து கொடுத்தார்கள். இயன்முறைப் பயிற்சியும் நோய்த்தணிப்புச் சேவையும் வீட்டுக்கு வந்தே செய்தார்கள். அருகில் உள்ள நகர்ப்புற ஆரம்ப சுகாதார நிலையத்தில் இப்போதே பெயரைப் பதிந்து வையுங்கள்.

கடல்கடந்தமகன்:

எல்லாரும் ஒரே பக்கம் பேசுவதால் மறுபக்கத்தையும் சொல்லத் தோன்றுகிறது. நானும் வெளிநாட்டில் இருக்கும் மகன்தான். என் தந்தை உயில், செட்டில்மெண்ட் எதுவும் எழுதாமல் காலமானார். வாரிசுச் சான்று, ஐந்து வாரிசுகளின் கையெழுத்து, அவர்களில் ஒருவர் இறந்து அவருடைய பிள்ளைகளின் கையெழுத்து என்று இன்றுவரை அந்த வீட்டை எதுவும் செய்ய முடியவில்லை. உயில் எழுதினாலும் கையெழுத்து அவருடையதல்ல, சுயநினைவில் எழுதவில்லை என்று வழக்குப் போடுகிறார்கள். எழுதியவரே உயிரோடு இருந்து, தம் கண்முன்னே கொடுத்துவிட்டுப் போவதில் ஒரு தெளிவு இருக்கிறது என்பதை மறுக்க முடியாது.

தவிரவும், கைவிட்டுவிடுவார் என்று அஞ்சும்படியான மகனாக உங்கள் அண்ணன் தெரியவில்லை. 2007ஆம் ஆண்டின் பெற்றோர் மற்றும் மூத்த குடிமக்கள் பராமரிப்புச் சட்டம் இருக்கும்போது, கவனிக்காத பிள்ளையிடமிருந்து சொத்தைத் திரும்பப் பெறலாம் அல்லவா? பிறகு ஏன் இவ்வளவு அச்சம்?

மதுரை வழக்குரைஞர்:

மேலே நண்பர் கேட்ட கேள்வி முக்கியமானது. அந்தச் சட்டத்தை நம்பியே பலர் எழுதிக்கொடுக்கிறார்கள் என்பதால் சற்று விரிவாகவே எழுதுகிறேன்.

2007ஆம் ஆண்டுச் சட்டத்தின் 23ஆவது பிரிவு இதுதான். அடிப்படை வசதிகளையும் உடல் தேவைகளையும் கவனித்துக்கொள்ள வேண்டும் என்ற நிபந்தனையுடன் மூத்த குடிமகன் ஒருவர் சொத்தை எழுதிக்கொடுத்து, பெற்றுக்கொண்டவர் கவனிக்கத் தவறினால், அந்தப் பத்திரம் மோசடியாலோ வற்புறுத்தலாலோ பெறப்பட்டதாகக் கருதப்பட்டு, எழுதிக்கொடுத்தவர் விரும்பினால் செல்லாது என்று அறிவிக்கப்படும். வருவாய்க் கோட்டாட்சியர் தலைமையிலான தீர்ப்பாயத்தில் மனு கொடுக்க வேண்டும். அதன் மேல்முறையீடு மாவட்ட ஆட்சியரிடம். கேட்பதற்கு எளிமையாக இருக்கிறது. ஆனால் ‘நிபந்தனையுடன்’ என்ற இடத்தில்தான் வழக்குகள் நின்றன. நிபந்தனை இருந்ததை நிரூபிக்க வேண்டும் என்று சுதேஷ் சிக்காரா வழக்கில் 2022 டிசம்பரில் உச்ச நீதிமன்றம் சொன்னது. 2025 ஜனவரியில் ஊர்மிளா தீட்சித் வழக்கில், இது முதியோர் நலனுக்கான சட்டம், தாராளமாகவே பொருள் கொள்ள வேண்டும் என்று சொல்லித் தாய் எழுதிய தானப் பத்திரத்தை ரத்து செய்தது. அதே ஆண்டு மார்ச்சில் சென்னை உயர் நீதிமன்றம், அன்பினாலும் பாசத்தினாலும் எழுதிக்கொடுப்பதிலேயே அந்த நிபந்தனை உள்ளடங்கியிருக்கிறது என்று தீர்ப்பளித்தது. காற்று முதியோர் பக்கம் திரும்பியிருக்கிறது என்பது உண்மைதான். என்றாலும், ஒரே வரியில் எழுதிவிடக்கூடிய நிபந்தனையைப் பத்திரத்தில் எழுதாமல் விட்டுவிட்டு, அதை நீதிமன்றம் ஊகித்துக்கொள்ளும் என்று 80 வயதில் படியேறுவதை நான் யாருக்கும் பரிந்துரைக்கமாட்டேன்.

உங்கள் குடும்பத்துக்கு இதைவிடப் பெரிய சிக்கல் ஒன்று இருக்கிறது. ரத்து கோரும் உரிமையை அந்தப் பிரிவு எழுதிக்கொடுத்தவருக்குத்தான் கொடுக்கிறது. எழுதிக்கொடுப்பவர் அப்பா, பராமரிப்பு தேவைப்படப்போகிறவர் அம்மா. அப்பா காலமான பிறகு, ‘என் கணவர் எழுதிக்கொடுத்த வீட்டை ரத்து செய்யுங்கள்’ என்று அம்மா அந்தப் பிரிவின் கீழ் கேட்பது மிகவும் கடினம். மகன், மகள் இருவரிடமும் பராமரிப்புத் தொகை கோரலாம். ஆனால் தீர்ப்பாயம் ஆணையிடக்கூடிய உச்சவரம்பு மாதம் 10,000 ரூபாய். மேலே ஒருவர் எழுதிய பராமரிப்பாளர் சம்பளத்தோடு இதை ஒப்பிட்டுப் பாருங்கள். அண்ணன் நல்லவர் என்பதும் இதற்கு முழு விடையாகிவிடாது. அண்ணனுக்குக் கடன் ஏற்படலாம், அவருக்கே ஏதேனும் நேரலாம். அப்போது வீடு அவருடைய மனைவி மக்களுக்கும் கடன்காரர்களுக்கும் உரிய சொத்தாகப் பார்க்கப்படுமே தவிர, உங்கள் அம்மாவின் வீடாகப் பார்க்கப்படாது.

ஆகவே என் கருத்து: வீடு அப்பா பெயரிலேயே இருக்கட்டும், உயில் எழுதட்டும். அப்பா செட்டில்மெண்ட்தான் வேண்டும் என்று பிடிவாதமாக இருந்தால், குறைந்தது அப்பா, அம்மா இருவருக்கும் ஆயுட்கால அனுபவ உரிமையை ஒதுக்கிவைத்து, வாடகை வாங்கும் உரிமையும் அவர்களுக்கே என்று எழுதி, இருவரின் பராமரிப்பையும் வெளிப்படையான நிபந்தனையாக்கி, அவர்கள் காலத்துக்குள் விற்கவோ அடமானம் வைக்கவோ கூடாது என்றும் சேர்க்க வேண்டும். ரத்து செய்ய உரிமை இல்லை என்ற வரியைக் கட்டாயம் நீக்கச் சொல்லுங்கள். நிபந்தனையை எழுதிவிட்டு அதற்குக் கீழே அந்த வரியையும் விட்டுவைத்த பத்திரங்களைப் பார்த்திருக்கிறேன்.

உறையூர்மகள்:

மிக்க நன்றி. அப்பாவுக்குப் பிறகு அம்மாவின் நிலை என்ன என்ற கோணத்தில் நாங்கள் யாருமே யோசித்திருக்கவில்லை. வழக்குரைஞர் எழுதியதை அண்ணனுக்கு அனுப்பினேன். செட்டில்மெண்ட் வேண்டாம் என்று அவரே அப்பாவிடம் பேசிவிட்டார். அப்பாவும் அரை மனத்துடன் உயிலுக்கு இறங்கி வந்திருக்கிறார். இப்போது வீடு முழுவதையும் அம்மாவுக்கே எழுதிவிடுகிறேன், அவள் காலத்துக்குப் பிறகு நீங்கள் இருவரும் எடுத்துக்கொள்ளுங்கள் என்கிறார். இது சரியாக வருமா? மேலும், அம்மாவின் மனையை என்ன செய்வது? அம்மாவிடம் பவர் வாங்கி வைத்துக்கொண்டால், பிறகு தேவைப்படும்போது விற்றுக்கொள்ளலாம் என்று வீட்டுத் தரகர் ஒருவர் சொல்கிறார்.

மதுரை வழக்குரைஞர்:

பவர் பத்திரத்தைப் பற்றி முதலில் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் அதில் காலம் ஓடிக்கொண்டிருக்கிறது. அதிகாரம் கொடுத்தவர் மனத்தெளிவை இழந்தால் இந்திய ஒப்பந்தச் சட்டத்தின் 201ஆவது பிரிவின்படி பவர் முடிந்துவிடும். அம்மா தெளிவாக இருக்கும்வரை பவர் தேவையில்லை, அவரே கையெழுத்திடலாம். தெளிவு போன பிறகு பவர் செல்லாது. உங்களுக்கு எந்த நாளில் அது தேவைப்படுமோ அந்த நாளில் அது வெறும் காகிதம். மனநலப் பராமரிப்புச் சட்டத்தின் கீழ் நியமிக்கப்படும் பிரதிநிதி சிகிச்சை குறித்து முடிவெடுக்க உதவுவாரே தவிர, மனையை விற்க முடியாது. எஞ்சியிருப்பது நீதிமன்றம்தான். 2024இல் கோமாவில் இருந்த ஒருவருக்கு அவருடைய மனைவியையே பாதுகாவலராக நியமித்து, சொத்தை விற்றுச் சிகிச்சைக்குப் பயன்படுத்தச் சென்னை உயர் நீதிமன்றம் அனுமதித்தது. அதற்கும் அந்த அம்மையார் மேல்முறையீடு வரை போக வேண்டியிருந்தது.

மனையை விற்பதா வைத்திருப்பதா என்பதை உங்கள் அம்மாவிடமே கேளுங்கள். அது அவருடைய சொத்து, தொடக்க நிலை மறதி என்பதால் மட்டும் அவர் தகுதி இழந்தவர் ஆகிவிடமாட்டார். தாம் என்ன கையெழுத்திடுகிறோம், அதன் விளைவு என்ன என்பது அந்த நேரத்தில் அவருக்குப் புரிந்தால் போதும். விற்பதென்றால் இந்த ஆண்டே விற்பது நல்லது. பதிவுக்கு முந்தைய சில நாட்களுக்குள் அவரைப் பார்த்துவரும் மருத்துவரிடமிருந்து, பேசிப் பார்த்ததில் விவரம் புரிந்து பதில் சொல்கிறார் என்று எழுதப்பட்ட சான்று வாங்கி வையுங்கள். விற்காவிட்டால், அவரும் இப்போதே ஓர் உயில் எழுதட்டும்.

அடுத்து வீடு. முழுவதையும் அம்மாவுக்கு எழுதினால், அதைத் தாமாக விற்கவோ வாடகை ஒப்பந்தம் போடவோ இயலாத ஒருவர் கையில் வீடு போய்ச் சேரும். மறுபடியும் அதே நீதிமன்றம். ஆயுட்கால உரிமை மட்டும் அம்மாவுக்கு, பிறகு பிள்ளைகளுக்கு என்று எழுதினாலும் ஒரு நெருடல் உண்டு. இந்து வாரிசுரிமைச் சட்டத்தின் 14ஆவது பிரிவின்படி, மனைவியின் ஜீவனாம்ச உரிமைக்கு ஈடாகக் கொடுக்கப்படும் சொத்து, பத்திரம் என்ன சொன்னாலும் அவருக்கு முழு உரிமையாகிவிடும் என்று 1977இல் துளசம்மா வழக்கில் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. எந்த உயில் அந்த வகையில் விழும், எது விழாது என்பதில் இன்றும் வாதங்கள் ஓயவில்லை.

உங்கள் நிலையில் நான் பரிந்துரைப்பது, உயில் வழியாக ஒரு தனியார் அறக்கட்டளை. அறக்கட்டளை என்றதும் பள்ளிக்கூடம், அன்னதானம் என்று நினைக்க வேண்டாம். 1882ஆம் ஆண்டின் இந்திய டிரஸ்டுகள் சட்டப்படி, தம் காலத்துக்குப் பிறகு வீட்டையும் வைப்புத்தொகையையும் டிரஸ்டிகள் என்னும் பொறுப்பாளர்களிடம் ஒப்படைத்து, மனைவியின் ஆயுள் உள்ளவரை வாடகையையும் வட்டியையும் அவருடைய பராமரிப்புக்கே செலவிட வேண்டும், போதாவிட்டால் வீட்டை விற்கவும் டிரஸ்டிகளுக்கு அதிகாரம் உண்டு, மனைவி காலமான பிறகு மீதம் இருப்பதை மகனும் மகளும் சமமாக எடுத்துக்கொள்ள வேண்டும் என்று ஒருவர் உயிலிலேயே எழுதலாம். நீங்களும் அண்ணனும் டிரஸ்டிகளாக இருங்கள். அவர் வெளிநாட்டில் இருப்பதால், அன்றாடக் காரியங்களில் உங்கள் கையெழுத்து மட்டும் போதும் என்றும், வீட்டை விற்க இருவர் கையெழுத்தும் வேண்டும் என்றும் பிரித்து எழுதிக்கொள்ளலாம். விற்கும் அதிகாரத்தை வெளிப்படையாக எழுதுவதுதான் இதில் உயிர்நாடி. அது இல்லாவிட்டால் வீடு இருந்தும் ஆளுக்குச் சம்பளம் கொடுக்க முடியாத நிலை வரும்.

ஓய்வுபெற்ற வங்கி ஊழியன்:

வழக்குரைஞர் எழுதியதோடு மாத வரவையும் சேர்த்துப் பார்ப்போம். 15 லட்சத்துக்கு 8.2 சதவீத வட்டியில் மூன்று மாதத்துக்கு ஒருமுறை 30,750 ரூபாய் வரும், மாதத்துக்குச் சற்றேறக்குறைய 10,250. அந்தக் கணக்கில் அம்மாவின் பெயர் கூட்டாகச் சேர்க்கப்பட்டிருக்கிறதா என்று பாஸ்புத்தகத்தைப் பாருங்கள். துணைவர் கூட்டுக் கணக்குதாரர் என்றால், அப்பாவுக்குப் பிறகு அம்மா பெயரில் அதைத் தொடரலாம். அந்தத் திட்டத்தில் ஒருவர் 30 லட்சம் வரை போடலாம் என்பதால், மனை விற்ற பணத்துக்கும் இடம் இருக்கிறது. மூலதன ஆதாய வரியை ஆடிட்டரிடம் கேட்டுக்கொண்டு செய்யுங்கள்.

ஓய்வூதியத்தில் பலர் கணக்குத் தவறுகிறார்கள். முழுப் பணிக்காலம் முடித்து ஓய்வு பெற்றவருக்குக் கடைசி அடிப்படைச் சம்பளத்தில் பாதி ஓய்வூதியமாக வருகிறது. உங்கள் அப்பாவின் வயதில் காலமானால் மனைவிக்கு வரும் குடும்ப ஓய்வூதியம் அதே சம்பளத்தில் 30 சதவீதம். அப்பாவின் அடிப்படை ஓய்வூதியம் 40,000 என்றால் அம்மாவுக்கு 24,000, அதோடு அகவிலைப்படி. அம்மாவின் செலவு உயரும் அதே காலத்தில் வரவு ஐந்தில் இரண்டு பங்கு குறைகிறது. ஓய்வூதியக் கணக்கு அம்மாவோடு கூட்டுக் கணக்காக இருப்பதையும், ஓய்வூதியப் புத்தகத்தில் அம்மாவின் பெயரும் பிறந்த தேதியும் ஆதாரில் உள்ளபடியே இருப்பதையும் அப்பா இருக்கும்போதே சரிபார்த்துவிடுங்கள். எங்கள் கவுண்டரில் எழுத்துப் பிழை ஒன்றுக்காக மாதக்கணக்கில் அலைந்த மூதாட்டிகளைப் பார்த்திருக்கிறேன்.

நாமினி போட்டிருக்கிறோம், அதுவே போதும் என்று யாரேனும் சொன்னால் நம்பாதீர்கள். நாமினி பணத்தை வாங்கிக்கொள்ள உரியவர். அது யாருக்குச் சேர வேண்டும் என்பதை உயிலும் வாரிசுரிமைச் சட்டமுமே தீர்மானிக்கும். 2025 நவம்பரிலிருந்து வங்கி வைப்புகளுக்கு நான்கு பேர் வரை நாமினியாகக் குறிக்கலாம். உயிலில் ஒரு பெயர், வங்கியில் வேறொரு பெயர் என்று இல்லாமல் இரண்டும் ஒத்திருக்கும்படி செய்யுங்கள்.

வீடு அப்பா பெயரில் இருப்பதில் இன்னொரு வசதியும் உண்டு. 60 வயது கடந்தவர்கள் தாம் குடியிருக்கும் சொந்த வீட்டை வங்கியிடம் ஈடாக வைத்து மாதந்தோறும் பணம் பெறும் ‘ரிவர்ஸ் மார்ட்கேஜ்’ என்னும் தலைகீழ் அடமானக் கடன் 2007ஆம் ஆண்டிலிருந்து நம் நாட்டில் இருக்கிறது. அவர்கள் வாழும்வரை திருப்பிச் செலுத்த வேண்டியதில்லை. பிற்காலத்தில் பிள்ளைகள் கடனைக் கட்டி வீட்டை மீட்டுக்கொள்ளலாம். நம் ஊரில் இதை நாடுபவர்கள் மிகக் குறைவு, வங்கிகளும் ஆர்வம் காட்டுவதில்லை என்பதை ஒப்புக்கொள்கிறேன். ஆனால் செட்டில்மெண்ட் எழுதிவிட்டால் இந்தக் கதவும் சேர்ந்தே மூடிவிடும்.

காவேரிக்கரை:

ஒன்றைச் சேர்க்க விரும்புகிறேன். பணத்துக்கு உயில் எழுதுவது போலவே, சிகிச்சைக்கும் அம்மாவின் விருப்பத்தை எழுதி வாங்கிக்கொள்ளுங்கள். மீளமுடியாத நிலையில் வெண்டிலேட்டர் வேண்டுமா, குழாய் வழியாக உணவு செலுத்த வேண்டுமா என்பதை முன்கூட்டியே எழுதிவைக்க உச்ச நீதிமன்றம் 2018இல் வழி செய்தது. 2023 ஜனவரியில் அந்த நடைமுறையை எளிதாக்கி, இரண்டு சாட்சிகளும் நோட்டரி அல்லது அரசிதழ்ப் பதிவு பெற்ற அலுவலரின் சான்றொப்பமும் போதும் என்றது. எங்கள் மாமியார் எதுவும் எழுதிவைக்காததால், கடைசி மருத்துவமனைச் சேர்க்கையில் என் கணவரும் அவருடைய தம்பியும் தீவிர சிகிச்சைப் பிரிவின் வாசலில் நின்று வாக்குவாதம் செய்தார்கள். அதன் பிறகு அவர்கள் சரியாகப் பேசிக்கொள்வதில்லை.

உறையூர்மகள்:

அறக்கட்டளை யோசனை அண்ணனுக்கும் பிடித்திருக்கிறது. அப்பாவுக்கு மூட்டு வலி. சார்பதிவாளர் அலுவலகத்தில் நெடுநேரம் காத்திருக்க இயலாது. வீட்டிலேயே பதிவு செய்ய முடியுமா? சாட்சிகளாக யாரைப் போடலாம்? அப்பா தம்முடன் பணியாற்றிய இரண்டு ஆசிரியர்களின் பெயரைச் சொல்கிறார்.

பத்திரநண்பர்:

உடல்நிலை காரணமாக வர இயலாதவருக்குச் சார்பதிவாளர் வீட்டுக்கே வந்து பதிவு செய்ய பதிவுச் சட்டத்தின் 31ஆவது பிரிவு இடம் தருகிறது. மருத்துவர் சான்றுடன் மனு கொடுத்து, அதற்குரிய தனிக் கட்டணத்தைச் செலுத்த வேண்டும். மூட்டு வலி மட்டும்தான் என்றால், இணையத்தில் முற்பகல் நேரத்துக்கு டோக்கன் எடுத்துக்கொண்டு காரில் அழைத்துவருவதே எளிது.

ஆசிரிய நண்பர்களுக்கும் அப்பா வயதுதானே இருக்கும்? பிற்காலத்தில் உயிலை மெய்ப்பிக்க நேர்ந்தால், சாட்சிகளில் ஒருவராவது உயிரோடு இருந்து நீதிமன்றத்தில் வந்து சொல்ல வேண்டும். ஆகையால் நாற்பது, ஐம்பது வயதில், உள்ளூரிலேயே இருக்கும், உயிலால் பயன் எதுவும் பெறாத இரண்டு பேராகப் பாருங்கள். அப்பா கையெழுத்திடுவதை இருவரும் கண்ணால் பார்த்து, அப்பா முன்னிலையில் கையெழுத்திட வேண்டும். ஒருவர் முடிந்தால் அவரைப் பார்த்துவரும் மருத்துவராகவே இருக்கட்டும். பொங்கல் வரை காத்திருக்க வேண்டாம். உயில் எழுத அண்ணன் ஊரில் இருக்க வேண்டிய அவசியமே இல்லை.